பதினான்காவது கேள்வி

எங்கள் தெருவில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான். ஆணிலும் சரி, பெண்ணிலும் சரி. 2004இல் பி.ஏ. பொருளாதாரம் முடித்து, விழுப்புரம் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். உப்பளத்தில் சாயங்காலம் மூட்டை கட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் ரோட்டிலேயே என்னை நிறுத்திப் பதிவு அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கையில் உப்பு ஒட்டியிருந்ததால் ஓரத்தை மட்டும் பிடித்து ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குக் கொடுத்தார்கள். ஒருத்தருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. "நம்ம தெருவுக்கு ஒரு ஆபீசரு வந்தாச்சி" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

ஆபீசர் வேலை வரவில்லை. எந்த வேலையும் வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் கடல் வந்தது. எங்கள் தெருவரைக்கும் ஏறவில்லை. கால்வாய் வழியாக அளத்துக்குள் புகுந்து பாத்திகளையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போனது. வரப்பு போட்டுப் பாத்தி மிதித்து மறுபடியும் உப்பு இறங்குவதற்குள் அடுத்த சீசனில் பாதி போய்விட்டது. அம்மா அளத்தில் கூடை சுமப்பவள். அப்பா எனக்குப் பத்து வயதாகும்போதே இறந்துவிட்டார். அண்ணன் பிளஸ் டூ எழுதினான், கணக்கில் போய்விட்டது. அட்டெம்ப்ட் எழுதினான், திரும்பவும் போய்விட்டது. பிறகு அளத்துக் குத்தகைக்காரரின் டிராக்டரை ஓட்டப் போனான். குத்தகைக்காரர் ஒரு கட்சியில் ஒன்றியத்துப் பெரிய ஆள். அண்ணனும் அந்தக் கட்சிக்குப் போனான். எந்தக் கட்சி என்று இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

2006 தொடக்கத்தில், தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, இடையஞ்சாவடியில் இருந்த என் கல்லூரித் தோழி சொல்லியனுப்பினாள். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் எடுத்துத் தங்கியிருக்கிறார், படிப்புக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய்ச்சி செய்கிறார், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க ஆள் வேண்டும், டிகிரி முடித்திருக்க வேண்டும் என்றாள். டிகிரி முடித்திருக்க வேண்டும் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் போயிருப்பேன்.

பேராசிரியர் மெதுவாகப் பேசுகிற மனிதர். மூன்று நாள் பயிற்சி கொடுத்தார். கேள்வித்தாளில் இருபது கேள்விகள் இருந்தன. நான்காவது கேள்வி, எதுவரை படித்திருக்கிறீர்கள். பதினான்காவது, எந்தக் கட்சியின் ஆதரவாளர். பதினைந்தாவது, ஏன். அந்த ஏனுக்கு நான்கு கட்டங்கள்: கொள்கை, தலைவர், சாதி, ஆதாயம். படிப்பு ஏற ஏற மக்கள் பிரச்சினைகளைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள், படிப்பு குறையக் குறைய பழக்கத்தாலும் ஆதாயத்தாலும் போடுவார்கள் என்பது தன்னுடைய கருதுகோள் என்றார். அது சரிதானா என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. எனக்கு அதில் பார்க்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. சரி என்றே நினைத்தேன். அண்ணனைத் தினமும் பார்க்கிறேன் இல்லையா.

"பேரும் வீட்டு நம்பரும் கட்டாயம் எழுதணும். நாங்க சரிபார்க்க வருவோம். அதுக்கப்புறம் பேரை எடுத்துட்டு கோடு நம்பர் போட்டுடுவோம். அதுவரைக்கும் படிவம் உங்க பொறுப்பு" என்றார். கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை கொடுத்தார். அதில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று அச்சிட்டிருந்தது.

என் ஊரையே எனக்குக் கொடுத்தார். தெரிந்த முகம் என்றால் மனம்விட்டுப் பேசுவார்கள் என்றார். உண்மைதான், பேசினார்கள்.

முதலில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வீட்டுக்குப் போனேன். எம்.ஏ., பி.எட். படித்தவர். பதினான்காவது கேள்வி வந்ததும் சிரித்தார்.

"ஓட்டுங்கிறது ரகசியம்மா. சட்டமே அப்படித்தான் சொல்லுது. நீ பொருளாதாரம் படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாதா? 'சொல்ல விரும்பவில்லை'ன்னு டிக் பண்ணிக்கோ."

டிக் செய்துகொண்டேன். பிறகு மெடிக்கல் ஷாப் வைத்திருந்தவர், தாலுகா ஆபீசில் இருந்தவர், சர்ச் பக்கத்தில் குடியிருந்த ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டர் என்று படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் அதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். டீயோ மோரோ கொடுத்து உட்கார வைத்துப் பேசினார்கள். எல்லாக் கட்சியையும் திட்டினார்கள். தங்கள் கட்சியை மட்டும் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. படிவம் காலியாகத் தெரிந்தது.

எங்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் படிவம் நிரம்பியது. மத்தியானம், அளத்திலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் போனேன். உப்புத் தண்ணீர் பாதத்தில் வெடிப்பு வெடிப்பாக அறுத்திருக்கும். எண்ணெய் வைக்காவிட்டால் மறுநாள் இறங்க முடியாது. என்னைப் பார்த்ததும் காலை மடக்கிக்கொண்டார்கள். சின்ன வயதிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் என் கழுத்து அட்டையைப் பார்த்துக் காலை மடக்கினார்கள். அன்று அது எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன், எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க.

"அஞ்சாவதுன்னு போட்டுக்கோ. அஞ்சாவதுல பாதின்னு போட எடமிருந்தா அப்டிப் போடு."

பதினான்காவது கேள்விக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. குத்தகைக்காரரின் கட்சிக்கு எதிர்க்கட்சியைச் சொன்னார்.

"ஏன்க்கா?"

"எங்க வூட்டுக்காரு செத்தப்ப விதவ பென்சனுக்கு மனு எழுதணும்னாங்க. யாருக்கு எழுதத் தெரியும்? நீ அப்ப சின்னப் பொண்ணு. அந்தக் கட்சிக் கிளையில ஒரு பெரியவரு இருந்தாரு இல்ல, அவுருதான் எழுதிக் குடுத்தாரு. எழுதிக் குடுத்துட்டு நீ போன்னு அனுப்பல. திண்டிவனத்துக்கு நாலு தபா கூட வந்தாரு. ஆபீசுல எங்கூட நின்னாரு. நின்ன மனுசன் கட்சிதான் எங்கட்சி. அவுரு செத்துட்டாரு, இருந்தாலும் அதான்."

நான்கு கட்டங்களையும் பார்த்தேன். கொள்கை இல்லை, தலைவர் இல்லை, சாதி இல்லை. ஆதாயம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அக்காவின் மகள், எட்டாவது படிக்கிறவள், என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "ஆதாயம்னா என்னக்கா?" என்று கேட்டாள். என்னிடம் சாயங்காலம் பாடம் படிக்க வருகிறவள் அவள். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகப்போகும் இரண்டாவது ஆள் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். "லாபம் மாதிரி" என்றேன்.

எங்கள் தெருவில் இன்னும் ஆறு பெண்கள் அதே கட்சியைச் சொன்னார்கள். கடைசியாக அம்மா. தமாஷாகத்தான் ஆரம்பித்தேன். அம்மா அடுப்பில் இருந்தாள். படிப்பு இல்லை. கையெழுத்து இல்லை, கைநாட்டு. எந்தக் கட்சி என்றதும் வாசலைப் பார்த்தாள்.

"உங்க அண்ணங்கிட்ட சொல்லாத" என்றாள். பிறகு அக்கா சொன்ன அதே கட்சியைச் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னம்மா, வீட்டு வாசல்ல அண்ணன் கொடி கட்டியிருக்கான்."

"அவன் கரை வேட்டிய நாந்தான் தொவைக்கிறேன். அவன் கட்சிக்காரங்க வந்தா நாந்தான் சோறு போடுறேன். ஓட்டாவது என்னுதா இருக்கட்டும்."

அதற்கும் கட்டம் இல்லை. காலியாக விட்டேன். அன்று சாயங்காலம் எல்லாப் படிவத்தையும் ரெக்ஸின் பையில் போட்டு, என் சான்றிதழ்கள் இருக்கும் டிரங்க் பெட்டி மேல் வைத்தேன். பூட்டி வைக்கவில்லை. எங்கள் வீட்டில் எதையும் பூட்டி வைக்கும் பழக்கமில்லை. மூன்று பேர் இருக்கிற வீடு. அதில் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

ஒரு வாரம் கழித்து, விடிந்து ஆறு மணி இருக்கும், அளத்துக்குப் போன பெண்களில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். சாதாரணமாகப் பத்து பத்தரைக்குத்தான் வருவார்கள். தூக்குவாளிச் சோறு தொடாமல் அப்படியே இருந்தது. அம்மா வரவில்லை. நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, இன்னிக்கி வேல இல்லியா?"

"வேல இருக்குது. எங்களுக்கு இல்ல" என்றார் அக்கா. "ஆளு போதுமாம். மேஸ்திரி பேரு சொல்லிச் சொல்லி வெளிய நிக்க வெச்சான்."

மற்ற ஆறு பேரும் அவரவர் வீட்டுக்குள் போனார்கள். அக்கா மட்டும் கை பம்பு பக்கத்தில் உட்கார்ந்தார். யார் யார் வெளியே நின்றார்கள் என்று விரலை மடக்கித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தக் குரலில் சந்தேகம் இல்லை, கோபமும் இல்லை. கணக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ எழுதிகினு போனியே. அது இப்ப யாருகிட்ட இருக்குது?"

"எங்கிட்டதான்க்கா. வீட்லதான் இருக்குது" என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஓடிப் பையைத் திறந்தேன். படிவங்கள் எல்லாம் இருந்தன. வரிசை மட்டும் மாறியிருந்தது. அம்மாவின் படிவம் மேலே இருந்தது.

அண்ணன் மத்தியானம் சாப்பிட வந்தான். நான் பையை அவன் முன்னால் வைத்தேன். அவன் மறுக்கவில்லை.

"நான் வேணும்னு பாக்கல. நீ என்னதான் எழுதுறேன்னு ஒண்ண எடுத்தேன். அது அம்மாவுது." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "பத்து வருசமா கட்சிக்கு ஓடுறேன். எங்க அம்மாவே எனக்குப் போடல. அப்ப மத்தவங்க யாருன்னு பாக்கணும்னு தோணிச்சி."

"பாத்துட்டு?"

"அவுர்கிட்ட சொன்னேன். பேசி மாத்திடலாம்னுதான் சொன்னேன். ஒவ்வொரு வூடா நானே போய்ப் பேசுறேன், ஏழு ஓட்டு கொண்டாரேன்னேன். அவரு சரின்னாரு. இப்டி செய்வாருன்னு நான் நெனைக்கல."

"அம்மா பேரையும் சொன்னியா?"

அம்மா பேரை அவன் சொல்லவில்லை. அதனால்தான் அம்மா திரும்பி வரவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்று தெரு முடிவு செய்ய அது போதுமாக இருந்தது. எழுதியவளின் அம்மாவுக்கும் டிராக்டர் ஓட்டுபவனின் அம்மாவுக்கும் மட்டும் வேலை இருக்கிறது, அந்த இரண்டு அம்மாவும் ஒருத்திதான்.

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் அழுதான். தட்டில் கை வைத்தபடியே அழுதான். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே அம்மாவைக் கூட்டிக்கொண்டு குத்தகைக்காரர் வீட்டுக்குப் போனேன். கழுத்து அட்டையை மாட்டிக்கொண்டு போனேன். அது எதற்கோ உதவும் என்று நினைத்தேன். அவர் எழுந்து வரவேற்றார்.

"வாம்மா, உக்காரு. படிச்ச புள்ள நிக்கக் கூடாது."

எனக்கு நாற்காலி போட்டார்கள். அம்மா தூண் ஓரம் நின்றாள். அம்மாவையும் உட்காரச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து அது வரவில்லை. டீ வந்தது, எனக்கு மட்டும். குடித்தேன். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

"அந்த ஏழு பேரும் பாவம்ங்க. அவங்களுக்கு வேற வேல தெரியாது. நான் ஆராய்ச்சிக்காக எழுதினது அது" என்றேன்.

"ஆராய்ச்சி நல்லதுதாம்மா. நான் வேணாம்னே சொல்லலியே. ஆனா எங்கிட்ட சம்பளம் வாங்கிகினு எனக்கெதிரா இருக்கறது நியாயமா, நீயே சொல்லு. படிக்காத ஜனம், அதுங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது உன்ன மாதிரி படிச்சவங்கதான். எலக்சன் முடியட்டும், பாக்கலாம்." பிறகு அம்மா பக்கம் திரும்பி, "உன் புள்ளைங்க ரெண்டும் தங்கம்" என்றார்.

மறுநாள் விடிவதற்கு முன் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நான் போகாதே என்றேன்.

"போகலன்னா அவளுங்களுக்கு வேல வருமா?" என்றாள்.

வராது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் போனாள். அளத்தில் யாரும் அவளிடம் பேசவில்லை. ஏழு பேருக்குப் பதில் வேறு ஊரிலிருந்து வேனில் ஆட்கள் வந்தார்கள், அவர்களும் பேசவில்லை. தனியாக வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். அந்த சீசன் முழுக்க அப்படியே போய் வந்தாள். சீசன் முடிகிறபோது அவளுக்குப் பேசுகிற பழக்கமே குறைந்துவிட்டிருந்தது.

நான் குயிலாப்பாளையம் போய்ப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நிஜமாகவே வருந்தினார். அறைக்குள் நடந்தார், தண்ணீர் குடித்தார், என்னையும் குடிக்கச் சொன்னார். "பூட்டி வைக்கச் சொல்லி நான் தெளிவாச் சொல்லியிருக்கணும். என் தப்பு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, இப்படி நடந்த பிறகு அந்த ஊரின் பதில்களை நம்ப முடியாது, ஆராய்ச்சியிலிருந்து உங்கள் ஊரை எடுத்துவிடுகிறேன் என்றார். அதுதான் முறை என்றார். என் பையிலிருந்த படிவங்களை வாங்கி அங்கேயே என் முன்னால் கிழித்தார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறேன். அக்காவின் ஐந்தாவதில் பாதியும், நான்கு தடவை திண்டிவனம் வந்த பெரியவரும், அம்மாவின் காலிக் கட்டமும் குப்பைக்கூடைக்குள் போயின. அவர்கள் வேலையை இழந்தது ஓர் ஆராய்ச்சிக்காக என்று சொல்லக்கூட இனி எனக்கு வழியில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வாத்தியார் வீட்டில் மோர் குடித்ததை நினைத்துக்கொண்டேன். அவர் கட்சி இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர் வேலையில்தான் இருந்தார். பேராசிரியரின் கேள்விக்கு என்னிடம் ஒரு விடை இருந்தது, ஆனால் அதைக் கேட்க யாருமில்லை. படித்தவர்களுக்கும் கட்சி உண்டு. அதைச் சொல்லாமல் இருக்க அவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு அது தெரியாது. கேட்டது நான் என்பதால் சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரலில் அக்கா செங்கல் சூளைக்குப் போக முடிவு செய்தார். சூளைக்குப் போனால் குடும்பத்தோடு அங்கேயே தங்க வேண்டும். மகளுக்கு முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி. சூளைக்கு ஆள் ஏற்றும் வேன் அதற்குக் காத்திருக்காது. கிளம்புகிற அன்று காலையில் அந்தப் பெண் என் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வெச்சிக்கோ. அங்க படிக்கலாம்" என்றேன்.

"வேணாங்க்கா. அங்க லைட் இருக்காதாம்."

நான் அக்காவிடம் போய், பொண்ணை என் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், நான் படிக்க வைக்கிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"உன் வூட்லயா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுச் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார்.

மே மாதம் ஓட்டுப்பதிவு நடந்தது. நான் போய் வரிசையில் நின்றேன். மெஷின் முன்னால் நின்றபோது எந்தச் சின்னத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. பின்னால் நின்றவர் இருமியதும் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு வந்தேன். இருபது கேள்விகளை மனப்பாடமாகத் தெரிந்தவள் பழக்கத்தாலும் போடவில்லை, பிரச்சினையைப் பார்த்தும் போடவில்லை. அம்மா போகவே இல்லை. அண்ணன் வண்டி கொண்டுவந்து நிறுத்திக் கூப்பிட்டான். "ஒடம்பு முடியல" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

குத்தகைக்காரர் பாடுபட்டது வீணாயிற்று. எதிர்த் தரப்பு ஜெயித்தது. ஏழு பெண்களும் சொன்ன அதே கட்சி. மழைக்காலம் வருவதற்குள் அவர் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு அண்ணனும் போனான். அன்று திரும்பி வந்தவன், இப்போதாவது அவர்களைத் திரும்ப எடுங்கள் என்று அவரிடம் கேட்டதாகச் சொன்னான். இடம் இல்லை, வேனில் வருகிறவர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்றாராம்.

"கட்சிதான் மாறிடிச்சே, இப்ப இன்னா கோவம் அவங்க மேலன்னு கேட்டேன்" என்றான் அண்ணன். "கோவமா? எனக்கு இன்னா கோவம், யாரு அவங்கன்னே ஞாபகமில்லியேன்னாரு."

அவர் பொய் சொல்லவில்லை என்று அண்ணன் சொன்னான். அதுதான் அவனை உலுக்கியிருந்தது. இருந்தாலும் அடுத்த நாள் டிராக்டர் எடுக்கப் போனான். வேறு எங்கே போவான்.

அந்த வருஷக் கடைசியில் எனக்குத் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அக்காவையும் மகளையும் பார்த்தேன். ரேஷன் கார்டு விஷயமாக இரண்டு நாள் ஊருக்கு வருகிறார்களாம். அக்கா கறுத்து, இளைத்திருந்தார். அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் செம்மண் ஏறியிருந்தது. பாவாடை சட்டை போய்ப் புடவை வந்திருந்தது.

"நல்லா இருக்கீங்களா?" என்று என்னிடம் கேட்டார் அக்கா. எனக்கு நடக்கத் தெரியாத காலத்திலிருந்து என்னை வாடி போடி என்று கூப்பிட்டவர். குத்தலாகக் கேட்கவில்லை. வெளியூர்ப் பள்ளிக்கூட டீச்சரிடம் கேட்பது போல மரியாதையாகக் கேட்டார்.

"நல்லா இருக்கேன்க்கா. பொண்ணு...?"

"சூளையிலதான். கல்லு அறுக்குது. தை மாசம் கண்ணாலம் பேசியிருக்குது."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பதினான்கு முடிந்து பதினைந்து ஆகியிருக்காது. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவளுடைய அம்மா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வரோங்க" என்றார்.

மரக்காணம் பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஏறினார்கள். நான் போக வேண்டியதும் அதே பஸ்தான். கண்டக்டர் என்னைப் பார்த்து, "டீச்சர், வரீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.